சமூகப்பணி படிக்க: ஓராண்டு டிப்ளமாவா, பி.எஸ்.டபிள்யூவா, இக்னோவா?

பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த வாரத்தில் மும்பையில் எங்கள் சீட்டா கேம்ப் பக்கத்திலிருந்து வருடத்துக்கு நாலைந்து பிள்ளைகளாவது என்னைத் தேடி வருகிறார்கள், பெரும்பாலும் பெண் பிள்ளைகள், கூடவே அம்மாவும். கேள்வி ஒன்றுதான். "அக்கா, சோசியல் ஒர்க் படிக்கணும். ஒரு வருஷ டிப்ளமா போட்டா போதுமா, இல்ல டிகிரியே படிக்கணுமா?" ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். பி.எஸ்.டபிள்யூ என்பது சமூகப்பணியில் இளநிலைப் பட்டம், எம்.எஸ்.டபிள்யூ முதுநிலைப் பட்டம், இக்னோ தொலைதூரத்தில் பட்டம் தரும் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இந்த வருடம் வந்த ஒரு பெண்ணை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அப்பா மான்கூர்டில் டெம்போ ஓட்டுகிறார், அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார், இரண்டு தம்பிகள். இவள் ஆர்ட்ஸில் 61 சதவீதம், ஹிந்தி சரளம், மராத்தி பள்ளியில் படித்த அளவுக்கு வரும், தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் திணறுவாள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமுதாயக் கல்லூரிகள் தரும் இந்த ஓராண்டு டிப்ளமா நல்லதுதான், ஆனால் தனியாக எடுக்கக் கூடாது. அது நடக்கும்போதே பக்கத்தில் ஒரு பட்டப்படிப்பும் ஓட வேண்டும். நான் 2009-ல் டிப்ளமாவை மட்டும் எடுத்தேன். வாடகைக் கட்டடத்தில் இரண்டு அறை, வெளியே சமுதாயக் கல்லூரி என்று போர்டு, ஒரு வருடம், கையில் ஒரு சான்றிதழ். வேலை உடனே கிடைத்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலு வருடம் பஸ்தி பஸ்தியாக, அதாவது குடிசைப் பகுதிகளில், நடந்தேன். அப்புறம் எச்.ஐ.வி. பரிசோதனை மையம் ஒன்றில் கவுன்சிலர் பணிக்கு ஆள் எடுத்தார்கள். அந்த வேலையைப் பெயர் இல்லாமல் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவள் நான். பட்டம் இல்லை என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் தொலைதூரக் கல்வியில் பி.ஏ. மூன்று வருடம், பிறகு எம்.எஸ்.டபிள்யூ இரண்டு வருடம். அந்த பி.ஏ.வை டிப்ளமா முடித்த கையோடு தொடங்கியிருக்கலாம் என்று அன்றைக்கு எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இணையத்தில் சமுதாயக் கல்லூரி, சமூகப்பணி என்று தேடினால் அமெரிக்கக் கல்லூரிகள்தான் வந்து விழும். அங்கே இது பழைய ஏற்பாடு, 1901-ல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்கியது. இரண்டு வருடம் அங்கே குறைந்த கட்டணத்தில் படித்து, வாங்கிய கிரெடிட்டுகளோடு, அதாவது பாடம் முடித்ததற்கான புள்ளிகளோடு, பல்கலைக்கழகத்துக்கு மாறி பி.எஸ்.டபிள்யூ முடிக்கலாம். அங்கீகாரம் பெற்ற பி.எஸ்.டபிள்யூ இருந்தால் எம்.எஸ்.டபிள்யூவில் சில இடங்களில் ஒரு வருடம் குறையவும் செய்யும். படிக்கு மேல் படியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. இந்தியாவில் 1995-ல் புதுச்சேரியிலும் அடுத்த வருடம் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கின, பள்ளியோடு நின்றுபோன பிள்ளைகளுக்கு ஒரு தொழிலும் வேலையும் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., ஒரு திட்டம் கொண்டுவந்தது, அதன்படி ஆறு மாதம் சான்றிதழ், ஒரு வருடம் டிப்ளமா, இரண்டு வருடம் அட்வான்ஸ்டு டிப்ளமா. இவை வேலைக்கான படிப்புகள். அமெரிக்காவில் இருப்பதுபோல டிப்ளமாவிலிருந்து நேரே பி.எஸ்.டபிள்யூ இரண்டாம் வருடத்துக்குப் போய்விடலாம் என்று யாராவது வாயால் சொன்னால் நம்பாதீர்கள், எந்தப் பல்கலைக்கழகம், எந்த விதி என்று எழுத்தில் கேளுங்கள்.

சரி, நம் மும்பையில் என்ன இருக்கிறது? டாட்டா இன்ஸ்டிட்யூட் ஆஃப் சோசியல் சயின்சஸ், அதாவது டிஸ், 1936-ல் நாக்பாடாவில் தொடங்கி 1954-ல் தேவ்னாருக்கு வந்தது. எங்கள் சீட்டா கேம்ப்புக்கும் அதற்கும் ஒரே பின்கோடு, 400088. ஆனாலும் எங்கள் பிள்ளைகளில் பலர் அந்த கேட்டைத் தாண்டி உள்ளே போனதே இல்லை, பஸ்ஸில் போகும்போது பார்த்ததோடு சரி. அங்கே எம்.ஏ. சமூகப்பணி படிக்க ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், 2024-லிருந்து சேர்க்கை சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைப் பிரிவு வழியாக நடக்கிறது. பன்னிரண்டாவது முடித்தவருக்கு நேரடியான வழி நியூ மரைன் லைன்ஸில் இருக்கும் நிர்மலா நிகேதன், 1955-ல் தொடங்கிய கல்லூரி, மும்பைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, பி.எஸ்.டபிள்யூ, எம்.எஸ்.டபிள்யூ இரண்டும் உண்டு. மூன்றாவது இக்னோ, பி.எஸ்.டபிள்யூ குறைந்தது மூன்று வருடம், ஆறு வருடம் வரை இழுத்துக்கொள்ளலாம். நாலாவது இந்த ஓராண்டு டிப்ளமாக்கள்.

இவற்றை எப்படி ஒப்பிடுவது? பிள்ளைகள் கட்டணத்தையும் தூரத்தையும் பார்க்கிறார்கள், அம்மாக்கள் எத்தனை வருடம் என்று பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஃபீல்ட் ஒர்க், அதாவது வெளியே போய் மக்களிடம் வேலை செய்து பழகும் பயிற்சி. வாரத்தில் எத்தனை நாள், எங்கே, முக்கியமாக, நீங்கள் எழுதுவதை யார் படித்துத் திருத்துகிறார்?

என் டிப்ளமாவிலும் ஃபீல்ட் ஒர்க் இருந்தது. பேரணியில் பேனர் பிடித்தோம், சர்வே படிவம் நிரப்பினோம், ஒரு நோட்டுப் புத்தகம் எழுதிக் கொடுத்தோம். அது கையெழுத்தோடு திரும்பி வந்தது, உள்ளே ஒரு கோடு கூடப் போடப்பட்டிருக்கவில்லை. எம்.எஸ்.டபிள்யூவில் வாரம் இரண்டு நாள் ஃபீல்ட், ஒவ்வொரு நாளுக்கும் ரெக்கார்டிங், அதாவது நடந்ததை எழுதும் குறிப்பு, வாரம் ஒரு முறை சூப்பர்வைசரோடு தனியாக உட்காரும் ஐ.சி. என்ற சந்திப்பு. முதல் மாதமே டி.பி. மாத்திரையை நடுவில் நிறுத்திய ஒரு பெண்ணைப் பார்க்கப் போனேன். "இவருக்கு உடம்பின் மேல் அக்கறை இல்லை" என்று எழுதினேன். சூப்பர்வைசர் மேடம் அந்த ஒரு வரியை வட்டமிட்டு, "இதை உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி போனேன், இந்த முறை உட்கார்ந்து பேசினேன். அவர்கள் சந்தில் குழாயில் தண்ணீர் வருகிற நேரமும் மாத்திரை கொடுக்கிற மையம் திறந்திருக்கிற நேரமும் ஒன்று, தண்ணீர் பிடிக்க வீட்டில் வேறு ஆள் கிடையாது. நாலு வருடம் பஸ்தியில் வேலை செய்துவிட்டுத்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன், அந்த நாலு வருடத்தில் எத்தனை பேரை இப்படி எழுதி ஒதுக்கியிருப்பேன் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. சூப்பர்வைசர் என்பவர் எதற்கு என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. அமெரிக்காவில் பி.எஸ்.டபிள்யூவுக்குக் குறைந்தது 400 மணி நேரம், எம்.எஸ்.டபிள்யூவுக்கு 900 மணி நேரம் ஃபீல்ட் ஒர்க் என்று விதியே வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

ஆகவே ஒரு சமுதாயக் கல்லூரியில் சேரும் முன் நேரில் போய், ஃபீல்ட் ஒர்க் சூப்பர்வைசர் யார், அவர் எம்.எஸ்.டபிள்யூ படித்தவரா, ஒருவருக்கு எத்தனை மாணவர்கள், போன வருடம் எந்தெந்த அமைப்புகளுக்கு அனுப்பினார்கள் என்று கேளுங்கள். போன வருடம் படித்த ஒரு பெண்ணின் ரெக்கார்டிங் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள், பெயர் மறைத்துக் காட்டினால் போதும். சிவப்பு மையில் குறிப்புகள் இருந்தால் சேரலாம். டிப்ளமாவை எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது, யு.ஜி.சி. அனுமதி யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள், போர்டில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

டிப்ளமாவின் நல்ல பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது வீட்டுப் பக்கத்தில் நடக்கும், பாடம் பெரும்பாலும் ஹிந்தியிலோ மராத்தியிலோ விளக்கப்படும், கல்லூரி ஆங்கிலத்தைக் கண்டு பயந்து நிற்கிற பெண்ணுக்கு வகுப்பில் வாய் திறந்து பேசுகிற தைரியம் வந்துவிடும். ஒரு வருடத்தில் சம்பாத்தியம் தொடங்கும். பஸ்தியில் வேலை செய்யும் அமைப்புகள், தாராவியில் 1999-லிருந்து தாய் சேய் நலத்திலும் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராகவும் வேலை செய்யும் ஸ்னேஹா போன்றவை, சமுதாயப் பணியாளர் வேலைக்கு அந்தந்த இடத்து ஆட்களையே தேடுகின்றன, ஏனென்றால் வெளியிலிருந்து வருகிற எம்.எஸ்.டபிள்யூவுக்குத் திறக்காத கதவு சந்துக்காரப் பெண்ணுக்குத் திறக்கும். தாராவி மறுசீரமைப்பில் வீட்டுத் தகுதிக்கான 1.1.2000 என்ற கட் ஆஃப் தேதி என்றால் என்ன, எந்தக் காகிதம் செல்லும் என்று நைன்ட்டி ஃபீட் ரோட்டுப் பாட்டிக்குத் திருநெல்வேலித் தமிழில் புரியவைக்க இன்றைக்கு ஆள் வேண்டும். அந்த வேலையை டிப்ளமா படித்தவர் அருமையாகச் செய்வார்.

எங்கள் பேட்டை உருவானதே பட்டம் இல்லாத ஒரு தமிழரின் போராட்டத்தோடுதான். ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்து, பதின்ம வயதில் பம்பாய்க்கு வந்து, தச்சு வேலை செய்து, ஜனதா காலனியில் குடியிருந்தவர். அங்கே குப்பை அள்ளாத முனிசிபாலிட்டியின் வாசலுக்கே பிள்ளைகளைக் கொண்டு குப்பையைச் சுமந்து போய்ப் போட வைத்தவர். 1974-ல் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைத் தொடங்கினார். 1976 மே மாதம், எமர்ஜென்சி காலத்தில், அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியை இடித்து ஜனங்களைக் கொண்டுவந்து விட்ட இடம்தான் சீட்டா கேம்ப். 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ, 2018-ல் காலமானார். கல்லூரி வாசலை மிதிக்காதவர். அவரைக் காட்டி "படிப்பு எதுக்கு அக்கா?" என்று பையன்கள் கேட்பார்கள். மக்களைத் திரட்டுவதற்குப் பட்டம் தேவையில்லை, அதை நான் முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குடும்ப நீதிமன்றத்தில் கவுன்சிலர் நாற்காலி, ஆஸ்பத்திரியில் மெடிக்கல் சோசியல் ஒர்க்கர் பதவி, தொண்டு நிறுவனத்தில் திட்டத்தை வடிவமைக்கிற இடம், இவற்றுக்குப் பட்டம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அந்த நாற்காலிகளில் எப்போதும் வெளியாள்களே உட்கார்ந்து நம் வீட்டுக் கதையை எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா? எனக்கு அதுதான் வலிக்கிறது.

இப்போது பி.எஸ்.டபிள்யூ. நல்ல கல்லூரியில் இடம் கிடைத்து, வீடு மூன்று வருடம் தாங்கும் என்றால் யோசிக்காமல் சேருங்கள், பதினெட்டு வயதில் ஒழுங்கான சூப்பர்விஷன் கிடைப்பதற்கு ஈடு இல்லை. மான்கூர்டில் ஏறினால் ஹார்பர் லைனில் நேரே சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன், அங்கிருந்து நியூ மரைன் லைன்ஸ் நடக்கிற தூரம்தான். சிரமம் ஆங்கிலம். முதல் வருடம் அழுகை வரும், ரெக்கார்டிங் எழுத எழுதச் சரியாகிவிடும். அதே சமயம் இடம் கிடைக்கவில்லை என்றால் உடைந்துபோகவும் வேண்டாம். நம் நாட்டில் எம்.எஸ்.டபிள்யூவுக்கு எந்தப் பட்டமும் செல்லும், பி.எஸ்.டபிள்யூ படித்தவருக்கும் அதே இரண்டு வருடம்தான்.

சேர்க்கையில் நம் ஆட்கள் அடிபடுகிற இடம் ஒன்று இருக்கிறது, சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியாக இருந்தாலும் மகாராஷ்டிராவுக்குக் குடிபெயர்ந்து வந்தவர்களுக்கு இங்கே மாநில ஒதுக்கீடு கிடையாது. உச்ச நீதிமன்றம் 1990-லேயே இதைச் சொன்னது, 2018-ல் பீர் சிங் வழக்கிலும் மறுபடி சொன்னது. தாத்தா, பட்டியல் சாதி ஆணை வந்த 10.8.1950-க்கு முன்பே இங்கே குடியேறியதற்குக் காகிதம் இருந்து, சாதியும் மகாராஷ்டிரப் பட்டியலில் இருந்தால்தான் கதை வேறு. அதனால் மாநிலப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பொதுப்பிரிவில் போட்டி போட வேண்டி வரும். டிஸ் மாதிரி மத்திய அரசு விதிப்படி ஒதுக்கீடு தருகிற இடத்தில் தமிழ்நாட்டுச் சான்றிதழ் செல்லும். ஊரில் தாசில்தார் அலுவலகத்தில் அப்பாவின் சான்றிதழை வைத்து உங்களுடையதை இப்போதே வாங்கி வையுங்கள், சேர்க்கை நேரத்தில் திருநெல்வேலிக்கு ரயில் டிக்கெட் கிடைக்காது.

இக்னோவில் இருக்கும் பெரிய வசதி, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், ஹிந்தியிலும் எழுதலாம். குறை, தனிமை. கூட உட்கார்ந்து விவாதிக்க ஆள் இருக்காது, ஃபீல்ட் ஒர்க் எப்படி நடக்கும் என்பது உங்களுக்கு அமையும் ஸ்டடி சென்டரையும் சூப்பர்வைசரையும் பொறுத்தது. நடுவில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொரு விஷயம் ஆஸ்பத்திரி வேலை கனவாக இருப்பவர்களுக்கு. 2021-ல் வந்த துணை மருத்துவப் பணிகளுக்கான சட்டம் மெடிக்கல் சோசியல் ஒர்க்கர், சைக்கியாட்ரிக் சோசியல் ஒர்க்கர் இரண்டையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளை, சைக்காலஜி உட்பட, தொலைதூர முறையில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2025-ல் நிறுத்தியது. காற்று அடிக்கும் திசை தெரிகிறது. பட்டத்தைத் தொலைதூரத்தில் முடித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக நினைப்பவர்கள் எம்.எஸ்.டபிள்யூவைக் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. மனநலம் என்றால் 2017 மனநலச் சட்டம் அதற்கும் மேல் இரண்டு வருட எம்.ஃபில். படிப்பைக் கேட்கிறது.

நான் சொல்லும் கலவைக்கு வழி திறந்தது 2022-ல். ஒரு படிப்பை நேரில் போயும் இன்னொன்றைத் தொலைதூரத்திலும் ஒரே நேரத்தில் படிக்கலாம் என்று யு.ஜி.சி. அனுமதித்தது. பகலில் டிப்ளமா, கூடவே இக்னோவில் பட்டம். டிப்ளமாவில் ஃபீல்டையும் தோழிகளையும் பெறுவீர்கள், இக்னோவில் பட்டம் கிடைக்கும். முதல் வருடம் முடிந்து டிப்ளமாவோடு வேலைக்குச் சேரும்போது பட்டத்தில் ஒரு வருடம் கழிந்திருக்கும், மீதி இரண்டை சம்பளத்தில் படிக்கலாம். இருபத்தொரு வயதில் பட்டமும் இரண்டு வருட அனுபவமும் கையில் இருக்கும், அப்போது டிஸ்ஸோ நிர்மலா நிகேதனோ எம்.எஸ்.டபிள்யூவுக்கு எழுதலாம். பி.எஸ்.டபிள்யூவா, பி.ஏ.வா என்றால் இந்தக் கலவையில் நான் பி.ஏ.வையே சொல்வேன், ஒரே நேரத்தில் இரண்டு இடத்து ஃபீல்ட் ஒர்க் எந்தப் பெண்ணாலும் தாங்க முடியாது. எடுக்கும் பாடங்களில் சமூகவியல் இருக்கட்டும்.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. "ஒரு வருஷம்னா அனுப்புறேன், மூணு வருஷம்னா கல்யாணத்தைப் பார்க்கணும்ல" என்று போன வாரமும் ஒரு அம்மா என்னிடம் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, சந்து இருட்டு, மகள் ராத்திரி எட்டு மணிக்கு ஹோம் விசிட் முடித்து வருவாள் என்றால் பயம் இருக்கத்தான் செய்யும். அந்தப் பயத்தைக் கல்லூரியில் போய்ச் சொல்லுங்கள், ஃபீல்ட் ஒர்க் நேரம் என்ன, தனியாக அனுப்புவார்களா, கூட யார் வருவார்கள் என்று நீங்களே கேளுங்கள். நல்ல கல்லூரி பொறுமையாகப் பதில் சொல்லும். கல்யாணம் முடிவானாலும் தொலைதூரப் பட்டம் அவளோடு போகும், அதை மட்டும் மாப்பிள்ளை வீட்டில் முன்னாலேயே பேசி வாங்கிவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் மராத்தி எழுதப் பழகுங்கள். மும்பை மாநகராட்சியான பி.எம்.சி.யின் வார்டு ஆபீசிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் மனு மராத்தியில்தான் நகரும். தமிழ் படிக்கவும் திரும்பக் கற்றுக்கொள்ளுங்கள், ஊரிலிருந்து வந்த பழைய காகிதங்களைப் பாட்டிகள் உங்கள் கையில்தான் கொடுப்பார்கள்.

இந்த வருடப் பெண்ணுக்குச் சொன்னது இது. முதலில் நிர்மலா நிகேதன் நுழைவுத் தேர்வை எழுது, ஃபீஸ் கட்டி நஷ்டமானாலும் பரவாயில்லை. கிடைத்தால் அப்பாவிடம் நான் வந்து பேசுகிறேன். கிடைக்காவிட்டால் இக்னோவின் ஜூலை சேர்க்கையில் பி.ஏ. விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, ரசீது கையில் வந்த பிறகு டிப்ளமாவில் சேர். வரிசையை மாற்றாதே.